ஆறு இருபது

பூம்பாறையில் மழை விட்ட ஐப்பசி ராத்திரி.
காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப்.
பக்கத்து அறை முழுக்க மலைப்பூண்டு.
அந்த வாசத்தோடுதான் எனக்கு
ஆண்டிஸ் மலை விடிகிறது.

வேலை இதுதான்:
பெரு நாட்டில் வில்மா என்றொருத்தி
மரத்தில் கட்டிவைத்த பெட்டி கேட்டதையெல்லாம்
நான் மறுபடி கேட்க வேண்டும்.
ஈரச் சுவர் நகர்வதுபோல் திரையில் ஒலி நகரும்,
அதில் ஒரு கீறல், பறவை.
கீறலைச் சுற்றிக் கட்டம்
கட்டத்துக்கு ஓர் எண்.
கோப்புக்கு இவ்வளவு என்று கூலி.

பதினேழு, எறும்புப் பிட்டா.
முட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்குமாம்,
வால் வைக்க மறந்த உடம்பு.
வில்மாவே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள்.
மூங்கிலுக்குள்ளிருந்து மூன்று விசில்,
முதலாவது கொஞ்சம் உயரம்.
மனிதக் குரலுக்கு எண் தொண்ணூற்றொன்பது.
பேட்டரி மாற்ற வரும்போதெல்லாம் வில்மா தும்முகிறாள்.
ஒவ்வொரு தும்மலுக்கும் கட்டம் போடுகிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்த பெட்டியில்
அதே பதினேழு
இரண்டே விசிலோடு நிறுத்திக்கொள்கிறது.
மூன்றாவதற்குக் காத்திருந்து காத்திருந்து
கோப்பு முடிந்துபோனது.
வேறு எண் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதினேன்.
அவளுக்கு விளங்கும்படி
எங்கள் சோலைக்கிளியைச் சொன்னேன்
(கிளி இல்லை, பெயர்தான் அப்படி).
நீலகிரியில் இருப்பது ஒன்று
பழனிமலையில் இருப்பது இன்னொன்று
நடுவே பாலக்காட்டுக் கணவாய்.
லாரிகள் இரவெல்லாம் கடக்கிற பள்ளத்தை
உள்ளங்கை அளவுப் பறவை கடக்கவில்லை,
எத்தனையோ லட்சம் வருஷம்.
இறங்கினால் வெயில். அவ்வளவுதான் காரணம்.

வில்மா பதில் போட்டாள்:
உன் சோலைக்கிளி கேட்டுப் பழகிப் பாடும்,
என் பிட்டாவுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.
அதன் பாட்டு முட்டைக்குள்ளேயே இருக்கிறது.
பாட்டு மாறியிருந்தால்
ரத்தமே மாறியிருக்கும்.
அன்றைக்குத்தான் கவனித்தேன்,
என் தம்பி குழந்தைவேலு தும்முவது
அவன் பிறக்கும் முன்பே செத்துப்போன
தாத்தாவின் தும்மல் என்று
ஊரே சொல்வதை.

மணி பதினொன்று இருக்கும்.
ஹெட்போனைத் தாண்டி ஒரு சத்தம்,
ஜன்னல் கண்ணாடியில்.
பனியில் விளக்கைப் பார்த்து வந்து மோதியது
வாசற்படியில் கிடந்தது:
பச்சை முதுகு, கட்டை வால்,
வாலடியில் குங்குமச் சிவப்பு.
இமயத்தடியிலிருந்து இறங்கி வருகிற
ஆறுமணிக்குருவி.
தம்பி தன் கம்பளிக் குல்லாவில் ஏந்தினான்.
"சூடா இருக்குக்கா" என்றான்.

பூண்டுக் கூடையைக் கவிழ்த்து
அதற்குள் விட்டோம்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
திரையில் பதினேழும்
கூடையில் இதுவும்
பங்காளிகள்.
கண்டங்கள் விலகிப்போன கணக்கில்
பிரிந்த குடும்பம்.
அங்கே போனது ஆயிரமாய்ப் பெருகியது,
இங்கே மிஞ்சியது சில வீடுகள்.
சாவுக்குச் சொல்லியனுப்பும் தூரம்கூட இல்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கூடையருகே வைத்தேன்.
பெருவின் மூன்று விசில்
சன்னமாய்க் கசிந்தது.
கூடை அசையவில்லை.
அசையும் என்று ஏன் நினைத்தேன்?

ஆறு மணிக்குக் கூப்பிடவில்லை.
செத்துவிட்டதோ என்று
தம்பி கூடைப்பின்னலில் கண்ணை வைத்துப் பார்த்தான்.
ஆறு இருபதுக்கு,
கூடையைத் தூக்கியதும்
பேரிக்காய் மரத்தடி வரை தத்திப் போய்
இரண்டே விசில்.
பின் புதர்.

போனில் பிடித்திருந்தேன்.
திரையில் போட்டுப் பார்த்தால்
இரண்டு கீறல்,
அதை ஒட்டினாற்போல் ஒரு பெரிய கரிப்புகை:
குழந்தைவேலுவின் தும்மல்.
பழக்கத்தில் இரண்டுக்கும் கட்டம் போட்டேன்.
வில்மாவின் பட்டியலில்
குருவிக்கு எண் இல்லை.
தம்பிக்கு இருக்கிறது.